பல்கலைக்கழக மாணவர் பணியில் உரையாடும் கருவிகள்: ஒரு வரலாற்று நோக்கு

கல்வி வரலாற்றை எழுதுவோர் பேராசிரியர்களைப் பற்றி எழுதுவர். பாடத்திட்டங்களைப் பற்றி எழுதுவர். கட்டடங்களையும் நூலகங்களையும் பற்றிக்கூட எழுதுவர். அலுவலகச் சன்னலைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும் மாணவர் ஒருவர் பல்கலைக்கழகத்தை முதன்முதலாகச் சந்திக்கும் இடம் வகுப்பறை அன்று, அந்தச் சன்னலே. கட்டணத்தை எங்கே செலுத்துவது, எந்தச் சான்றிதழைக் கொண்டுவருவது, உதவித்தொகைக்கு யாரிடம் கையொப்பம் பெறுவது என்ற கேள்விகளுக்கு அங்கே விடை கிடைத்தால் அவர் உள்ளே வருகிறார். விடை கிடைக்காவிடில் பல வேளைகளில் ஓசையின்றித் திரும்பிப் போய்விடுகிறார். அவ்வாறு திரும்பிப் போனவரைப் பற்றிய குறிப்பு எந்தப் பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டு மலரிலும் இடம்பெறுவதில்லை.

கடந்த அறுபது ஆண்டுகளில் மாணவரின் கேள்விக்கு விடையளிக்கும் பணியில் கணிப்பொறியும், அதன் பின்னர் இணையமும் எவ்வாறு புகுந்தன என்பதை அமெரிக்க, ஆங்கில நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் வரலாற்றிலிருந்து காண்பது இக்கட்டுரையின் நோக்கம். பொறியியல் நம் துறையன்று. ஆனால் தேடிச் செல்லுதல் நம் துறை. இக்கருவிகள் மாணவரைத் தேடுவதற்குப் பயன்பட்டனவா, அல்லது மாணவரைத் தரம் பிரித்து ஒதுக்குவதற்குப் பயன்பட்டனவா என்ற வினாவைத் திருப்பணியாளரும் இறையியல் மாணவரும் எழுப்புவதில் தவறில்லை.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில்

1960ஆம் ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் என்னும் இளம் மின்பொறியாளர் கணிப்பொறியின் வாயிலாகப் பாடம் கற்பிக்கும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார். அதற்குப் 'பிளேட்டோ' என்று பெயர். கிரேக்க ஞானியின் பெயர் போலத் தோன்றினும் அது சில ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் அமைந்ததே. 1972இல் அதன் நான்காம் வடிவம் வெளிவந்தபோது, விரலால் தொட்டு விடை சொல்லத்தக்க திரைகள் அதில் இருந்தன. கணிப்பொறி என்றாலே துளையிட்ட அட்டைகளும் பூட்டிய அறையும் என்றிருந்த காலம் அது.

பாடங்களைவிட நம் கவனத்தைக் கவர்வது வேறொன்று. இவ்வேற்பாட்டில் பழுது ஏற்பட்டால் அதை அறிவிப்பதற்கு ஒரு பொதுக் கோப்பு வைத்திருந்தனர். யாரும் அதில் எழுதலாம். அதுவே சிக்கலாயிற்று. ஒருவர் எழுதியதை மற்றொருவர் அழிக்கலாம், பொய்ப்பெயரில் எழுதலாம், கேள்விக்கு விடை வந்ததா என்றே தெரியாமற் போகலாம். 1973ஆம் ஆண்டு கோடையில் டேவிட் வுல்லி என்னும் பதினேழு வயது மாணவர் இக்குறையைத் தீர்க்க 'நோட்ஸ்' என்ற செயல்முறை ஒன்றை எழுதினார். எழுதியவரின் பெயரையும் நாளையும் இயந்திரமே பதித்தது. பிறர் எழுதியதை எவராலும் மாற்ற இயலாது. ஒவ்வொரு குறிப்பின்கீழும் 63 மறுமொழிகள் வரை சேர்க்கலாம். புதியவர்களின் கேள்விகளுக்கென்றே ஒரு தனிப் பகுதியும் இருந்தது.

இது சிறிய ஏற்பாடாகத் தோன்றலாம். அலுவலகச் சன்னலில் நின்று பழகியவர் இதன் அருமையை அறிவர். அங்கே ஒருவர் கேட்ட கேள்வியும் பெற்ற விடையும் அவரோடு போய்விடுகின்றன. பின்னால் நிற்பவர் அதே கேள்வியைப் புதிதாகக் கேட்கவேண்டும். அதற்கு வேறு விடை கிடைப்பதும் உண்டு! இங்கோ கேள்வியும் விடையும் எல்லாருக்கும் உரிய உடைமையாயின. விடை சொல்லாதிருத்தலும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

அவ்வேற்பாட்டில் மற்றொரு வசதியும் இருந்தது. பாடம் எழுதுவோர் இடர்ப்பட்டால் ஒரு கட்டளையின் மூலம் உதவியாளர் ஒருவரை அழைக்கலாம். உதவியாளர் எங்கோ ஓர் அறையில் இருந்தபடியே, இடர்ப்பட்டவரின் திரையில் உள்ளதைத் தம் திரையிலும் கண்டு வழி சொல்லுவார். ஆற்றுப்படுத்தும் பணியில் நாம் அடிக்கடி பேசும் 'உடனிருத்தல்' என்பதற்கு ஒரு பொறியாளர் கண்ட வடிவம் இது எனலாம். உவமையை இதற்கு மேல் இழுக்க வேண்டியதில்லை.

தொலைவில் இருந்தவர்கள்

பிரிட்டனில் வேறொரு வழி பிறந்தது. 1963இல் ஹெரால்ட் வில்சன் 'வானொலிப் பல்கலைக்கழகம்' பற்றிப் பேசினார். 1969இல் அரச சாசனம் பெற்றுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1971 சனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவர்களுடன் அது பணியைத் தொடங்கியது. முன்தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. தொழிலாளர், இல்லத்தரசிகள், பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர் ஆகிய பலரும் சேர்ந்தனர். வானொலியும் தொலைக்காட்சியும் அந்நிறுவனத்தின் முகமாயிருந்தன. ஆனால் அதன் உயிர்நாடி பயிற்சித்தாள்களே. அவற்றுள் ஒருவகையைக் கணிப்பொறி திருத்தியது. மற்றொரு வகையை ஆசிரியர் ஒருவர் தம் கையாலேயே திருத்தி, ஓரத்தில் குறிப்பெழுதி அஞ்சலில் அனுப்பினார். இவரையன்றி ஆலோசகர் ஒருவரும் இருந்தார். பாடத்தைப் பற்றியல்லாத கேள்விகளுக்கு, அதாவது நேரமின்மை, குடும்பச் சுமை, தளர்வு ஆகியவற்றுக்குச் செவிகொடுப்பது அவருடைய வேலை. தொலைதூரக் கல்வியில் மாணவர் கைவிட்டுப் போவது பெரும்பாலும் பாடத்தின் கடினத்தால் அன்று, தனிமையால் என்பதை அந்நிறுவனத்தார் தொடக்கத்திலேயே கண்டுகொண்டனர்.

இறையியல் கல்வியிலும் ஏறத்தாழ இதே காலத்தில் இதே எண்ணம் தோன்றியதை நம் மாணவர் அறிந்திருக்கவேண்டும். குவாத்தமாலா நாட்டுப் பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரியில் ரால்ஃப் வின்டர், ஜேம்ஸ் எமெரி, ராஸ் கின்ஸ்லர் ஆகியோர் 1963 முதல் விரிவாக்க இறையியல் கல்வியை உருவாக்கினர். தலைநகருக்கு வந்து பயின்றோரில் பலர் தம் சிற்றூர்ச் சபைகளுக்குத் திரும்பவில்லை. சபைகளை உண்மையில் நடத்திவந்தோருக்கோ நிலத்தையும் குடும்பத்தையும் விட்டு வர இயலவில்லை. ஆதலின் கல்லூரி அவர்களை நோக்கி நடந்தது. மாணவர் தாமே பயிலத்தக்க பாடநூல்கள் எழுதப்பட்டன. வாரந்தோறும் ஆசிரியர் பயணம் செய்து அவர்களைச் சந்தித்தார். இந்தியாவில் 'டாஃப்டீ' என்று நாம் சுருக்கமாகக் குறிப்பிடும் அமைப்பு 1971இல் இவ்வழியைப் பின்பற்றித் தொடங்கியது. நூல் மட்டும் போதும் என்று எண்ணிச் சந்திப்பைக் கைவிட்ட இடங்களில் இக்கல்வி வெறும் அஞ்சல்வழிப் படிப்பாகச் சுருங்கிப்போனதை நம்மில் மூத்தோர் கண்டிருக்கிறோம்.

திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்புவோம். 1988இல் அது தகவல் தொழில்நுட்பம் பற்றிய பாடம் ஒன்றில் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரை, கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவான 'கோசி' என்னும் கணிப்பொறி மாநாட்டு முறையால் இணைத்தது. மாணவர் தம் வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பியின் வழியாகக் கேள்வி எழுப்பினர். துணையாசிரியரும் சக மாணவரும் விடையளித்தனர். பாடத்துக்கென அமைத்த பகுதிகளோடு வெறும் உரையாடலுக்கென்றும் ஓர் இடம் இருந்தது. அது ஓயாது ஒலித்தது. தொலைபேசிக் கட்டணம் மாணவர் தலையில் விழுந்தது. அதைப் பற்றிய முறையீடும் எழுந்தது. மற்றொன்றும் அப்போதே புலப்பட்டது. பெருந்தொகையினர் எழுதவே இல்லை. பிறர் எழுதியதை வாசித்துவிட்டுப் போயினர். அவர்கள் பயனடைந்தார்களா, புறக்கணிக்கப்பட்டார்களா என்று ஆராய்ச்சியாளர் விவாதித்தனர். ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் அமர்ந்து, ஆசீர்வாதம் முடியுமுன் எழுந்து போகின்றவரைப் பற்றி நாம் கேட்கும் கேள்வியும் இதுவே.

இணையத்தின் வருகை

டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலைக்கான முன்மொழிவை 1989இல் வரைந்தார். 1993 ஏப்ரலில் செர்ன் ஆய்வகம் அதைக் கட்டணமின்றி உலகுக்கு வழங்கியது. வாசிப்பவரே எழுதவும் கூடிய வலை ஒன்றை அவர் எண்ணியிருந்தார். முதற் பத்தாண்டில் பல்கலைக்கழகங்கள் அதைப் பயன்படுத்தியதோ அறிவிப்புப் பலகையாகவே. கால அட்டவணை, கட்டண விவரம், விண்ணப்பப் படிவம் ஆகியவை பலகையிலிருந்து திரைக்கு மாறின. வரிசை மட்டும் மாறவில்லை. 2004க்குப் பின் 'வலை 2.0' என்ற பெயர் பரவியபோது, வாசிப்பவர் மறுமொழி எழுதுவதும் தமக்குள் உரையாடுவதும் பெருகின. மாணவர் அலுவலகங்களும் சற்றே காலந்தாழ்த்தி அவ்வழியில் வந்தன. இப்பகுதியில் நாம் நீண்ட நேரம் நிற்கவேண்டியதில்லை. கருவிகளின் பெயர்கள் ஆண்டுதோறும் மாறின. அவற்றுள் பலவும் இன்று இல்லை.

ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம்

அட்லாண்டா நகரின் நடுவே உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வரலாறே நம் வினாவுக்கு மிகுந்த வெளிச்சம் தருவது. 1913இல் மாலைநேர வணிகப் பள்ளியாகத் தோன்றிய அந்நிறுவனம் கறுப்பின மக்களுக்கு மூடிய கதவாயிருந்தது. அக்கதவு எவ்வாறு மூடப்பட்டிருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். காவலர் யாரும் அங்கே நிற்கவில்லை. விண்ணப்பத்தோடு பழைய மாணவரின் நற்சான்றும் இணைக்கப்படவேண்டும் என்று ஒரு விதி இருந்தது, அவ்வளவே. பழைய மாணவர் எல்லாரும் வெள்ளையர். தம்மை அறியாத கறுப்பினத்தவருக்கு அவர்கள் கையொப்பமிடப் போவதில்லை. கறுப்பினப் பெண்கள் மூவர் வழக்குத் தொடுத்தனர். 1959இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. மாநிலச் சட்டமன்றம் உடனே வயது வரம்பு ஒன்றை விதித்தது. வழக்கில் வென்ற அப்பெண்களுக்கு அங்கே இடம் கிடைக்கவே இல்லை. முதற் கறுப்பின மாணவி சேர்ந்தது 1962இல்தான். ஒரு விண்ணப்பப் படிவம் மதில்சுவராக நிற்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நிலை வேறு. கறுப்பின, ஏழை மாணவர் பெருமளவில் சேர்ந்தனர். ஆனால் படிப்பை முடிக்கவில்லை. 2003இல், சேர்ந்தவருள் ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றோர் 32 சதவீதமே. மூன்றில் இருவர் எங்கே போனார்கள்? முன்னர் விதி செய்த வேலையை இப்போது வறுமையும் குழப்பமும் அலுவலக அலட்சியமும் சேர்ந்து செய்துகொண்டிருந்தன.

அந்நிறுவனத்தார் தம் பழைய பதிவேடுகளை ஆராயத் தொடங்கினர். முந்திய பத்தாண்டுகளில் பயின்ற மாணவரின் இலட்சக்கணக்கான மதிப்பெண்களைக் கணிப்பொறி கொண்டு ஆராய்ந்தபோது, ஒருவர் தடுமாறப்போவதை முன்னறிவிக்கும் அடையாளங்கள் எண்ணூறுக்கு மேல் கிடைத்தன. காட்டாக, அரசியலறிவியலை முதன்மைப் பாடமாக எடுத்தவர் அதன் முதல் தாளில் 'சி' தரம் பெற்றால், அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரே உரிய காலத்தில் பட்டம் பெற்றார். அதுவரை 'சி' என்பது தேர்ச்சியே, யாரும் கவலைப்பட்டதில்லை. 2012 முதல் இத்தகைய அடையாளம் தோன்றியவுடன் ஆலோசகர் திரையில் எச்சரிக்கை எழுந்தது. அவர் மாணவரை அழைத்துப் பேசினார்.

பலர் இக்கதையைச் சொல்லும்போது எண்ணூறு அடையாளங்களைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அதே காலத்தில் அப்பல்கலைக்கழகம் 42 ஆலோசகர்களைப் புதிதாக நியமித்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். ஓர் ஆலோசகருக்கு ஏறத்தாழ 300 மாணவர் என்ற அளவு ஏற்பட்டது. எச்சரிக்கை எழுந்தபின் எழுந்து போவதற்கு ஆள் இல்லையெனில் அந்த எச்சரிக்கையால் யாருக்குப் பயன்?

2011இல் தொடங்கிய வேறொரு திட்டமும் கருதத்தக்கது. சிறு தொகை கட்டண நிலுவைக்காக மாணவரின் பெயர் ஒவ்வொரு பருவத்திலும் நீக்கப்பட்டுவந்தது. நிலுவைப் பட்டியலைப் பார்த்து, நன்கு பயின்றுவரும் மாணவரின் கணக்கில் பல்கலைக்கழகமே தொகையைச் செலுத்தத் தொடங்கியது. சராசரி 900 டாலர் அளவில் இருந்த இவ்வுதவிக்கு மாணவர் விண்ணப்பிக்கவே வேண்டியதில்லை. கேளாமலே கிடைத்தது. கேட்பதற்கு நாணுகிறவர்தாம் முதலில் விழுகிறவர் என்பதை யாரோ ஒருவர் அங்கே உணர்ந்திருக்கவேண்டும்.

இனி, உரையாடும் கருவிக்கு வருவோம். அமெரிக்காவில் 'கோடைக் கரைவு' என்று ஒரு வழக்கு உண்டு. இடம் பெற்று, வருவதாக உறுதியும் கூறிய மாணவர், கோடை விடுமுறை முடிந்து வகுப்புத் தொடங்கும்போது வருவதில்லை. இடைப்பட்ட மாதங்களில் பனிக்கட்டி போலக் கரைந்துவிடுகின்றனர். ஜார்ஜியா மாநிலத்தில் 2015இல் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இவ்வாறு கரைந்தனர். காரணங்கள் மிகச் சாதாரணமானவை. அரசு நிதியுதவிப் படிவத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வினாக்கள் இருந்தன, தடுப்பூசிச் சான்று எங்கே தருவதென்று தெரியவில்லை, பெற்றோர் கல்லூரியைக் கண்டதில்லை, கேட்பதற்கு ஆளில்லை, உயர்நிலைப் பள்ளியும் முடிந்துவிட்டது. பள்ளியும் பொறுப்பேற்காது, பல்கலைக்கழகமும் பொறுப்பேற்காத அந்த மூன்று மாதங்களில் அவர்கள் யாருக்கும் உரியவராய் இல்லை.

2016 கோடையில் அப்பல்கலைக்கழகம் 'பவுன்ஸ்' என்னும் சாட்பாட் ஒன்றை ஏற்படுத்தியது. மாணவர் தம் கைபேசியில் குறுஞ்செய்தியாக எந்த நேரத்திலும் கேள்வி கேட்கலாம். இயந்திரம் சில நொடிகளில் விடையனுப்பும். அதற்குத் தெரியாதவை மனிதரிடம் செல்லும். அது கேள்விக்குக் காத்திருந்ததோடு நிற்கவுமில்லை. முடிக்காத படிவம் எது என்று பார்த்து, தானே முந்திச் செய்தி அனுப்பி நினைவூட்டியது. அந்த ஒரு கோடையில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு விடை சென்றது. கரைவு 22 சதவீதம் குறைந்தது. 324 மாணவர் கூடுதலாக வகுப்புக்கு வந்தனர் என்று பல்கலைக்கழகம் கணக்கிட்டது. சீட்டுக் குலுக்கியது போல மாணவரை இரு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வும் அடுத்த ஆண்டில் வெளிவந்து இதை உறுதிப்படுத்தியது.

இரவு நெடுநேரத்துக்குப் பின் வந்த கேள்விகள் ஏராளம். மனிதரிடம் கேட்கத் தயங்கிய கேள்விகளை மாணவர் இயந்திரத்திடம் கேட்டனர், "இதுகூடத் தெரியாதா?" என்று அது முகம் சுளிக்காது என்பதே அதற்குக் காரணமாய்ச் சொல்லப்பட்டது. இதை வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் வெட்கமும் ஒருசேர ஏற்பட்டன. சமாரியப் பெண் உச்சிவேளையில் தனியே நீர் மொள்ள வந்ததற்கு விளக்கவுரையாளர் பலர் கூறும் காரணம் மற்றவர் பார்வையைத் தவிர்ப்பதே. யாரும் இல்லாத நேரத்தைத் தேர்ந்துகொள்ளும் அந்த நாணம் இன்னும் அப்படியே இருக்கிறது.

2010களின் நடுப்பகுதிக்குள் அப்பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறுவோர் 54 சதவீதமாயினர். கறுப்பின மாணவரும் வெள்ளை மாணவரும் ஒரே அளவில் பட்டம் பெற்றனர். நற்சான்று கேட்டுக் கதவை மூடியிருந்த அதே நிறுவனத்தில் இது நிகழ்ந்தது.

அதே காலத்தில் மற்றொரு பட்டியல்

கதை இத்தோடு முடிந்தால் இக்கட்டுரையை நான் எழுதியிருக்கமாட்டேன். மேரிலாந்து மாநிலத்தில் எம்மிட்ஸ்பர்க் என்னும் ஊரில், 1808இல் நிறுவப்பட்ட மவுன்ட் செயின்ட் மேரீஸ் என்னும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் உள்ளது. குருமாணவர் பயிலும் குருமடமும் அதனோடு இணைந்தது. வணிகத் துறையிலிருந்து வந்த புதிய தலைவரின்கீழ், 2015 இலையுதிர் பருவத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவரிடம் வினாப்பட்டியல் ஒன்று தரப்பட்டது. தம்மைத் தாமே அறிந்துகொள்ள அது உதவும் என்றும், தவறான விடை என்று எதுவும் இல்லை என்றும் மாணவருக்குச் சொல்லப்பட்டது. மனச்சோர்வு, பணக்கவலை முதலியவற்றைப் பற்றிய வினாக்களும் அதில் இருந்தன.

நோக்கம் வேறாயிருந்தது. பாதியில் விட்டுச்செல்லக் கூடியவரை அவ்விடைகளிலிருந்து கண்டறிந்து, மாணவர் எண்ணிக்கையை அரசுக்கு அறிவிக்கும் செப்டம்பர் 25க்கு முன்னரே இருபது இருபத்தைந்து பேரை வெளியேறச் செய்துவிட்டால், கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள். நிறுவனத்தின் மாணவர் தக்கவைப்பு விகிதம் உயர்ந்து தோன்றும். ஆசிரியர் சிலர் இதை எதிர்த்துப் பெயர்ப்பட்டியல் தரக் காலந்தாழ்த்தினர், திட்டம் நிறைவேறவில்லை. 2016 சனவரியில் மாணவர் செய்தித்தாள் இதை வெளியிட்டது. அச்செய்தித்தாளின் ஆலோசகரும், நிரந்தரப் பணியிலிருந்த ஒரு பேராசிரியரும் பிப்ரவரியில் பணிநீக்கம் செய்யப்பட்டனர்; நாடெங்கும் எதிர்ப்பு எழவே அவர்களைத் திரும்ப அழைத்தனர். ஆசிரியர் குழு 87க்கு 3 என்ற வாக்கில் தலைவரைப் பதவி விலகக் கேட்டது. பிப்ரவரி 29 அன்று அவர் விலகினார்.

அட்லாண்டாவிலும் எம்மிட்ஸ்பர்க்கிலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: யார் விழப்போகிறார்? விடையும் ஏறத்தாழ ஒரேவகைப் பட்டியல்தான். ஓரிடத்தில் அப்பட்டியல் ஆலோசகர் மேசைக்குச் சென்றது; மற்றோரிடத்தில் மாணவரை நீக்கும் அதிகாரம் உடையவர் மேசைக்குச் சென்றது. சிலுவை பொறித்த வாயில் இரண்டாவது நிறுவனத்துக்கே உரியது என்பதை வேதனையோடு குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எசேக்கியேல் 34ஆம் அதிகாரம் புறவினத்து அரசரை நோக்கி எழுதப்பட்டதன்று. இஸ்ரயேலின் மேய்ப்பரை நோக்கி எழுதப்பட்டது.

கருவியே நடுநிலையானது, பயன்படுத்துவோரே பொறுப்பு என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியவில்லை. 2021இல் 'தி மார்க்கப்' என்னும் ஏடு வெளியிட்ட ஆய்வின்படி, பெரிய பல்கலைக்கழகங்கள் சில வாங்கிப் பயன்படுத்திய முன்னறிவிப்பு முறை மாணவரின் இனத்தையே ஓர் அடையாளமாகக் கொண்டிருந்தது. சில இடங்களில் வெள்ளை மாணவரைவிட மூன்று நான்கு மடங்கு கறுப்பின மாணவர் 'பேரிடர் நிலை' என்று குறிக்கப்பட்டனர். ஆலோசகர் எவ்வளவு அன்புடையவராயினும், மாணவரைக் காணுமுன் அந்தச் சிவப்புக் குறியைக் காண்கிறார். "உனக்கு இந்தப் பாடம் கடினம், எளிதான ஒன்றை எடுத்துக்கொள்" என்று சொல்ல அவர் நா முந்தக்கூடும்.

நம் கல்லூரிகளை எண்ணும்போது இது தொலைவான செய்தியாக எனக்குத் தோன்றவில்லை. இறையியல் மாணவர் ஒருவரைப் பற்றிய அறிக்கை ஆண்டுதோறும் அவரை அனுப்பிய திருமண்டலத்துக்குச் செல்கிறது. அவருக்கு ஆயர்பட்டம் தரலாமா என்று தீர்மானிப்போர் அதை வாசிக்கின்றனர். ஜெபிக்க இயலாத இருண்ட வாரங்களைப் பற்றியோ, வீட்டுக் கடனைப் பற்றியோ, உயிர்த்தெழுதலைப் பற்றி மனத்தில் எழுந்த ஐயத்தைப் பற்றியோ அம்மாணவர் தம் ஆசிரியரிடம் பேச விரும்பினால், அந்த அறிக்கையை எழுதுபவரும் அதே ஆசிரியரே என்பதை அவர் அறிவார். அவர் மௌனமாய் இருந்துவிடுகிறார். நாமும் அவரை 'அமைதியான மாணவர்' என்று எழுதி அனுப்புகிறோம். கைபேசி வழியாக ஆலோசனை கேட்கும் ஏற்பாட்டை நம் கல்லூரிகள் செய்யத் தொடங்கும்போது, கேட்கப்பட்ட கேள்விகளை யார் வாசிப்பார், அவை எத்தனை நாள் காக்கப்படும், அறிக்கை எழுதுவோர் கண்ணில் படுமா என்பவற்றை ஆளுகைக் குழு முதற் கூட்டத்திலேயே எழுத்தில் தீர்மானித்து, அத்தீர்மானத்தை மாணவர் விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும்.